இமை எடுக்கும் நாள்

ஜெஸிந்தாவுக்கு இரண்டு வேலை. பெண்களின் இமை முடியை ஒவ்வொன்றாகப் பிரித்து அதன் மேல் இன்னொரு முடியை ஒட்டுவது ஒன்று. ஒட்டியதை ஊருக்குக் காட்டுவது இன்னொன்று. முதல் வேலையைச் சென்னைக்குப் போய்ப் படித்துக்கொண்டு வந்தாள். இரண்டாவதை யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அதைச் செய்யாமல் விட்டால் முதல் வேலைக்கு ஆள் வராது. திருச்சி தில்லைநகரில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில், சாய்வுப் படுக்கையும் வளைய விளக்கும் ஏசியுமாக உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு எதைப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதிலேயே அவளுடைய பாதி நாள் போய்க்கொண்டிருந்தது.

அதுவும் ஆடி மாதம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கல்யாணம் கிடையாது, நிச்சயதார்த்தம் கிடையாது, இமை ஒட்டிக்கொள்ள வரும் மணப்பெண் கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்கு இப்போதே ஆள் பிடித்து வைத்தால்தான் உண்டு. பிடிக்க ஒரே வழி ரீல். ஒட்டும் முன் ஒரு கண், ஒட்டிய பின் ஒரு கண், போட்டாயிற்று. வட்ட முகத்துக்கு எந்த வளைவு எடுக்கும், போட்டாயிற்று. இமை ஒட்டியவர்கள் செய்யக்கூடாத தவறுகள். அதையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்தாயிற்று. படுக்கையிலேயே தூங்கிப்போன ஒரு வாடிக்கையாளரின் குறட்டையை மட்டும் பதிவு செய்து போட்டது நன்றாக ஓடியது. அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டார்.

இந்தக் கஷ்டத்துக்குத்தான் சிமிட்டி வந்தது.

சிமிட்டி என்பது இமை முடி விற்கும் நிறுவனம் முடிப்பெட்டியோடு இலவசமாகக் கொடுத்த செயலி. அந்த நிறுவனம் புதிதாக ஓர் இழையைக் கொண்டுவந்திருந்தது. பார்வைக்கு மற்ற முடி மாதிரியேதான் இருக்கும், ஆனால் ஈரத்தை உணரும். கண்ணுக்கு நாலைந்து இழை வைத்துவிட்டால் போதும். எப்போது நனைந்தது, எதில் நனைந்தது, ஒட்டு எங்கே தளர்கிறது என்பதையெல்லாம் வாடிக்கையாளரின் போனுக்குச் சொல்லும். அந்த போன் ஜெஸிந்தாவின் சிமிட்டிக்குச் சொல்லும். போன் எதைக் கேட்டாலும் படிக்காமலே சம்மதம் என்று தட்டுகிறவர்கள் நாம். இதற்கும் தட்டினோம்.

ஜெஸிந்தா அதை வாங்கியது ஒரே ஒரு சண்டைக்காக. ஒட்டிய முதல் நாள் இமையில் ஈரம் படக்கூடாது. முகம் கழுவக்கூடாது, ஆவி பிடிக்கக்கூடாது, அழக்கூடாது. எல்லாரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். சில நாளில் திரும்பி வந்து, பாதி கொட்டிவிட்டது, சும்மா நிரப்பிக் கொடு என்று நிற்பார்கள்.

"தண்ணியே படல ஜெஸி, சத்தியமா."

"இல்லக்கா, அன்னைக்கு சாயங்காலமே நல்லா நனைஞ்சிருக்கு. உப்புத் தண்ணி. இங்க காட்டுது பாருங்க."

அந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வீட்ல ஒரு சின்னப் பிரச்சினை, விடு," என்றார். ஜெஸிந்தா காசு வாங்காமல் நிரப்பி அனுப்பினாள். சண்டையில் ஜெயித்தது அவளுக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் அதுவும் போகப் போகப் பழகிவிட்டது. அவளைப் பொறுத்தவரை கண்ணீர் என்பது ஒட்டைக் கெடுக்கும் உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். தொழில் என்று வந்துவிட்டால் யாருக்கும் ஏதாவது ஓர் இடத்தில் மரத்துத்தான் போகிறது.

வளர்மதியின் கண்கள்தான் ஜெஸிந்தாவின் கடைக்கு விளம்பரப் பலகை. இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. நீளமான கண்கள், இடது இமையின் ஓரத்தில் கடுகளவு மச்சம். "மூஞ்சி வேணாம், கண்ண மட்டும் எடுத்துக்க," என்று கடை திறந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள். அதனால் ஜெஸிந்தா அவளிடம் காசு வாங்குவதில்லை. வளர்மதி ஒரு நகைக்கடையில் விற்பனைப் பெண், அதுவும் குழந்தைகள் பிரிவில். காதுகுத்துத் தோடு, அரைஞாண், கொலுசு, குட்டி வளையல். பல் முளைக்காத வாடிக்கையாளர்கள் எல்லாம் அவளிடம் சிரிப்பார்கள்.

போன புரட்டாசியில் அவளுடைய ஒரே மகள் இனியா காய்ச்சலில் செத்துப்போனாள். யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முன்தினம் வளர்மதி ஜெஸிந்தாவின் மாடிக்கு வந்து, இமை ஒட்டிவிடச் சொன்னாள்.

"இப்பவா வளரு?"

"கடையில பளிச்சுனு நிக்கணும்ல. வேற செக்‌ஷன் கேட்டேன், இடமில்லன்னுட்டாங்க. அதே கொலுசு கவுன்ட்டர்தான்."

ஜெஸிந்தா அவளைப் படுக்க வைத்தாள். ஒட்டிவிட்டாள். வழக்கம்போல, "நாளைக்கு வரைக்கும் நனைக்காத, அழாத," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வளர்மதி, "சரி ஜெஸி, அழல," என்றாள். கடைக்காரரிடம் பை வேண்டாம் என்று சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள்.

அதன் பிறகு ஒழுங்காக வந்துகொண்டிருந்தாள். ஒரே ஒரு விசித்திரம். மற்றவர்கள் உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு போவார்கள். வளர்மதிக்கு மட்டும் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். எடுத்த அன்றே புதியது வைக்கவும் கூடாது. மறுநாள்தான் வைத்துக்கொள்வாள். இமை எடுக்கும் நாளில் கடைக்கு லீவு.

"எதுக்குடி ரெண்டு நாள் அலையுற? நிரப்பி விட்டா சீக்கிரம் போயிடலாம்ல."

"இமைக்கு ஒரு நாள் ரெஸ்ட்டு குடுப்பமே."

மறுநாள் வரும்போது இமை இரண்டும் வீங்கியிருக்கும். பழைய ஒட்டைக் கரைக்கும் க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜெஸிந்தா முடிவு கட்டினாள். க்ரீமை மாற்றினாள். அதற்கும் வீங்கியது. இன்னொன்றுக்கு மாற்றினாள். ஐஸ் ஒத்தடம் கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு வேலையை ஆரம்பிப்பாள். வேலைக்கு முன் எடுக்கும் புகைப்படத்தில் ஒவ்வொரு முறையும் அந்த வீக்கம் இருந்தது. கண்ணைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் என்று அவளுக்குத் தன்னைப் பற்றி ஓர் எண்ணம்.

ஆடி மாதத்தின் ஒரு திங்கட்கிழமை சிமிட்டி புது யோசனைகளைக் கொண்டுவந்தது.

"வணக்கம் ஜெஸிந்தா மேடம். இந்த வாரத்துக்கு ஏழு யோசனைகள். முதலாவது, உங்கள் ராசிக்கு ஏற்ற இமை."

"அது போன வருஷமே போட்டாச்சு."

"இரண்டாவது, மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நாளில் இமை."

"சண்டை வந்தா நீ வந்து தீர்ப்பியா? அடுத்தது சொல்லு."

"மூன்றாவது, அழாத கண்கள். உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் இமையில் பத்து மாதமாக ஒரு துளிக் கண்ணீர்கூடப் பதிவாகவில்லை. திருச்சியில் இதுதான் மிக நீண்ட பதிவு. ஒட்டின் தரத்துக்கு இதைவிடச் சான்று கிடையாது. காட்சித் துண்டுகளைத் தொகுத்து வைத்திருக்கிறேன்."

ஜெஸிந்தா பார்த்தாள். திரை முழுக்க ஒரு கண் திறந்து மூடியது. வளர்மதியின் கண். கீழே எழுத்து ஓடியது: பத்து மாதம், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, இமை இன்னும் அப்படியே. ஜெஸிந்தா இரண்டு முறை பார்த்தாள். அவள் பார்த்தது ஒட்டு எவ்வளவு மெல்லிசாக, எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்பதை. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் விசிறியாக நின்றது. அது தன் கைவேலை. அந்த மச்சத்தை அவள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள், அதனால் அது கண்ணில் படவே இல்லை. பத்து மாதத்துக்கு முன் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

"நல்லாருக்கு. போட்டுடு," என்றாள்.

ரீல் பறந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. ஆவணி முழுக்க முன்பதிவு வந்து குவிந்தது. யாரந்தப் புண்ணியவதி, அவ புருஷன் யாரு, எங்களுக்கும் காட்டுங்க என்று பெண்கள் எழுதினார்கள். கணவன்மார்களைக் குறிப்பிட்டுக் கேலி செய்தார்கள். ஜெஸிந்தா ஒவ்வொன்றுக்கும் இதயக்குறி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் ஒன்று இப்படி வந்தது: இந்த மச்சம் எங்க வீட்டு மச்சம். பெத்த பிள்ளையைப் புதைச்சுட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவளைத்தான் எல்லாரும் புண்ணியவதின்னு கொண்டாடுறீங்க.

எழுதியவள் சாந்தகுமாரி. வளர்மதியின் நாத்தனார்.

ஜெஸிந்தா அப்போதுதான் அந்த மச்சத்தைப் பார்த்தாள். உடனே ரீலை எடுத்துவிட்டாள். ஆனால் அதற்குள் நூறு பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இப்போது தலைப்பும் மாறியிருந்தது. கல் நெஞ்சக்காரி. இவளும் ஒரு தாயா. யாரோ ஒருவன், இதற்கெல்லாம் கருவி வந்துவிட்டது, இனிமேல் இழவு வீட்டில் நடிக்க முடியாது என்று சிரித்திருந்தான்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது வாசலில் கருணாகரன் நின்றிருந்தான். வளர்மதியின் கணவன், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். சவரம் செய்யாத முகம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த மெஷின் சொல்றது நெசமா?"

"அண்ணா, அது வந்து... ஒட்டு எப்படி இருக்குன்னு பாக்கத்தான் அது..."

"அழுதா காட்டுமா, காட்டாதா?"

"காட்டும்."

"தப்பாக் காட்டுமா?"

ஜெஸிந்தாவுக்குப் பொய் சொல்லியிருக்கலாம் என்று பிறகு ஆயிரம் முறை தோன்றியது. அப்போது வாயில் வரவில்லை. "இதுவரைக்கும் தப்பாக் காட்டினதில்ல அண்ணா."

கருணாகரன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நான் தெனமும் அழுவேன் சிஸ்டர். ஒர்க்‌ஷாப்புல மாஸ்க்குக்குள்ள அழுவேன், யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்தா பாப்பா சட்டைய மோந்து பாத்துட்டு அழுவேன். இவ வந்து முதுகத் தடவிக் குடுத்துட்டு, சோறு எடுத்து வைக்கவான்னு கேப்பா. நான் என்ன நெனச்சேன்னா, எனக்குத் தெரியாம அழுவுறா போல, என் முன்னாடி அடக்கிக்கிறான்னு. அந்த நெனப்புலதான் இருந்தேன். இப்ப பாத்தா, இல்லவே இல்லையாமே. ஒரு சொட்டு இல்லையாமே."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணா. வளரு எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்னு நெனச்சேன்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். புரட்டாசியில பாப்பாவுக்கு வருஷ நெனவு வருது. பெத்தவளே அழல, அவ கையால விளக்கு ஏத்தக்கூடாதுன்னு அக்கா சொல்லிருச்சு. நான் என்னன்னு மறுத்துப் பேசுறது, சொல்லுங்க."

அவன் படியிறங்கிப் போனதும் ஜெஸிந்தா கதவைச் சாத்திக்கொண்டாள். ஆவணி முன்பதிவுக்கு வந்தவர்களிடம் தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள். பிறகு சிமிட்டியைத் திறந்தாள்.

"வளர்மதி கணக்கு தப்பா இருக்கு. மறுபடி பாரு."

"பார்த்துவிட்டேன் மேடம். இழை இமையில் இருந்த எந்த நேரத்திலும் கண்ணீர் இல்லை."

"இழை இல்லாதப்போ?"

"இழை இல்லாத நேரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. இமை எடுத்த மதியத்திலிருந்து மறுநாள் புதியது வைக்கும் வரை பதிவு எதுவும் இல்லை. ஆனால் மறுநாள் நீங்கள் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் இமை வீங்கியிருக்கிறது. க்ரீம் ஒவ்வாமை என்று நீங்கள் குறித்திருக்கிறீர்கள். ஒவ்வாமை என்றால் இமையின் விளிம்பு சிவந்து அரித்திருக்க வேண்டும். இது அந்த வகை வீக்கம் அல்ல. நீண்ட நேரம் அழுதவர்களுக்கு வருகிற வீக்கம்."

ஜெஸிந்தா அந்தப் புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே அவள் கையால் எடுத்தவை. ஐஸ் வைத்து ஒத்தியதும் அவளுடைய கைதான். படுக்கையில் உட்கார்ந்து அழுதாள்.

இமை எடுக்கும் நாள் வந்தபோது வளர்மதி வந்தாள். வருவாள் என்று ஜெஸிந்தா நினைக்கவில்லை. எப்போதும்போல பையை ஆணியில் மாட்டினாள், முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.

"எடுத்து விடு."

"வளரு, என்ன நாலு அறை அறைஞ்சிடு. பேசாம மட்டும் இருக்காத."

"உன்ன அறைஞ்சு என்ன ஆகப்போகுது? நீ வேணும்னா செஞ்ச?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சுடி. நீ எப்ப அழுவுறன்னு."

வளர்மதி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். கோபமில்லை, பயம் மாதிரி ஒன்று இருந்தது. பிறகு மூடிக்கொண்டாள். ஜெஸிந்தா க்ரீமைத் தடவி, முடிகளை மெல்ல வழித்தெடுக்க ஆரம்பித்தாள். கண் மூடிப் படுத்திருப்பவர்கள் எதையும் பேசுவார்கள் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

"இங்கேருந்து நேரா சத்திரம் பஸ் ஸ்டாண்டு போவேன்," என்றாள் வளர்மதி. "துறையூர் பஸ்ல ஏறுவேன். ஏறி உக்காந்ததும் ஆரம்பிச்சுடும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க ஜெஸி. பொம்பள ஒருத்தி பஸ்ல அழுதுட்டுப் போனா ஏதோ எழவு வீட்டுக்குப் போறான்னு நெனச்சுக்குவாங்க. எந்திரிச்சு ஜன்னல் சீட்டு குடுப்பாங்க. கண்டக்டர்கூட டிக்கெட்டக் கையில திணிச்சுட்டுப் பேசாம போயிடுவாரு. காவேரி தாண்டி, கொள்ளிடம் தாண்டி, மண்ணச்சநல்லூர் வர்ற வரைக்கும் அவ பொறந்தது, நடந்தது, மொத மொத பேசுனது, எல்லாம் வரிசையா வரும். துறையூர்ல எறங்கி மூஞ்சி கழுவி ஒரு டீ குடிச்சுட்டு, திரும்பி வர்ற பஸ்ல மிச்சத்த அழுவேன்."

"வீட்டுல அழுதா என்ன?"

"வீட்டுல அவர் அழுவுறாரே. ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தா யாரு தூக்குறது? கடையில முடியாது. யாராவது கைக்குழந்தைய எம்மேல குடுத்து, கொலுசு அளவு பாருங்கன்னுவாங்க. அப்ப தொண்டை வரைக்கும் வரும். இமை ஒட்டியிருக்கு, ஜெஸி திட்டுவா, நனைக்கக்கூடாதுன்னு நெனப்பேன். நின்னுடும். உனக்குச் சிரிப்பா இருக்கும். ஆனா அப்படித்தான் நிக்குது. அதுக்குத்தான் ஒட்டிக்கிறேன்."

ஜெஸிந்தா இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"இத அண்ணன்கிட்ட நான் சொல்றேன். போட்டோ எல்லாம் இருக்கு. அப்புறம் உங்க நாத்தனார் வாயத் தொறக்க முடியாது."

"வேணாம்." வளர்மதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒட்டிய இமை இல்லாத அவளுடைய கண்கள் சின்னதாக, பள்ளிக்கூடத்தில் பார்த்ததுபோல இருந்தன. "அவர்கிட்ட சொன்னா துணைக்கு வர்றேம்பாரு. அப்புறம் நான் அவர் அழுவுறதப் பாப்பனா, எனக்கு அழுவுவனா? அது ஒண்ணுதான் அவளும் நானும் மட்டும் இருக்குற எடம். அத யாருக்கும் குடுக்க மாட்டேன். கல்லுன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

"விளக்கு ஏத்த விட மாட்டாங்களாமே வளரு."

வளர்மதி படுக்கையை விட்டு இறங்கினாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். மாடி ஜன்னல் வழியே பார்த்தபோது, சத்திரம் போகும் பேருந்துக்காக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். மறுநாள் வழக்கம்போல வந்து புதிய இமை வைத்துக்கொண்டு போனாள்.

புரட்டாசி நெருங்கியது. கருணாகரன் அக்கா வீட்டிலிருந்து திரும்பவில்லை. நகைக்கடையில் வாடிக்கையாளர்கள் வளர்மதியைக் காட்டிக் கிசுகிசுக்கிறார்கள் என்று முதலாளி அவளைப் பின்கட்டில் பெட்டி மடிக்க உட்கார வைத்துவிட்டதாக ஜெஸிந்தாவுக்குச் செய்தி வந்தது. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் அந்தக் கண்ணைப் புதிதாக எடுத்துப் போட்டு, புதிதாகத் திட்டினார்கள். ஜெஸிந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னால் வந்தது, தன்னால்தான் போக வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

"மேடம்," என்றது, அன்று வளர்மதி பேசியதையும் கேட்டுக்கொண்டிருந்த சிமிட்டி. "ஒரு யோசனை தயாராக இருக்கிறது. அழாத கண்களின் உண்மை. வீங்கிய இமைகளின் புகைப்படங்கள், உங்கள் குரலில் அந்தப் பேருந்துப் பயணம். வெளியிட்டால் அவர் மீதான பழி நீங்க வாய்ப்பு மிக அதிகம். கணவர் திரும்பவும் வாய்ப்பு அதிகம்."

"அவ வேணாம்னு சொல்லியிருக்கா."

"வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். இப்போதுள்ள நிலை தொடரும்."

ஜெஸிந்தா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு போனை முன்னால் நிறுத்திவைத்துப் பேசினாள். எழுதிவைத்துக்கொண்டு பேசவில்லை. தோழியைப் பற்றிப் பேசினாள், தான் வைத்த ஐஸைப் பற்றிப் பேசினாள், துறையூர் பேருந்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. உடைந்த இடத்தை வெட்ட வேண்டாம் என்றது சிமிட்டி. வெட்டவில்லை.

எல்லாம் சிமிட்டி சொன்னபடியே நடந்தது. அது ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. வயிற்றெரிச்சலே அதுதான். திட்டியவர்கள் எல்லாம் அழுதார்கள். அழுததைப் படம் பிடித்துப் போட்டார்கள். சாந்தகுமாரியே வளர்மதி வீட்டுக்கு வந்து, என் வாய் அழுகிப் போகட்டும் என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். கருணாகரன் திரும்பி வந்தான். வருஷ நினைவன்று இனியாவின் படத்துக்கு முன்னால் வளர்மதிதான் விளக்கு ஏற்றினாள். கடையில் அவளை மறுபடி முன்னால் நிறுத்தினார்கள், அதுவும் வேறு பிரிவில்.

ஜெஸிந்தாவுக்கு உயிர் திரும்பி வந்தது. வளர்மதி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மட்டும் உறுத்தியது. கோபம் தணிந்தால் வருவாள் என்று காத்திருந்தாள்.

ஐப்பசியில் வந்தாள். பையை மாட்டினாள், படுத்தாள். பழைய இமைகள் பாதி உதிர்ந்து அங்கங்கே நின்றிருந்தன. ஜெஸிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுடு வளரு. சொல்லாம இருந்திருக்கணும். ஆனா அண்ணன் வந்துட்டாருல்ல? எல்லாம் சரியாயிடுச்சுல்ல?"

"சரியாயிடுச்சு," என்றாள் வளர்மதி. "ரொம்ப நல்லாப் பாத்துக்கிறாரு. பஸ்ஸுக்கும் வந்தாரு. ஜன்னல் சீட்ல என்ன உக்கார வெச்சு, தோள்ல சாச்சுக்கிட்டு, அழும்மா அழும்மான்னாரு. அவர் ஏமாந்துடக்கூடாதேன்னு நானும் முயற்சி பண்ணிப் பாத்தேன்."

ஜெஸிந்தா க்ரீம் டப்பாவைத் திறந்தாள்.

"அடுத்த தடவ அவருக்குத் தெரியாம தனியாப் போனேன். பின்சீட்டுல ஒரு அம்மா என்னைய அடையாளம் கண்டுக்கிட்டாங்க. நீதானம்மா அதுன்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டு அவங்க அழுதாங்க. கண்டக்டர் காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. ஒரு பொண்ணு போட்டோ எடுத்துக்கலாமான்னு கேட்டுச்சு. எல்லாரும் நல்லவங்கதான் ஜெஸி. எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க, எப்ப அழுவான்னு."

"வேற பஸ்ல போ. பெரம்பலூர் பஸ்ல போ. நான் கூட்டிட்டுப் போறேன், ஊரு பேரு தெரியாத எடமா."

"அது இல்லடி." கண் மூடியபடியே சொன்னாள். "குளியலறையில கதவச் சாத்திட்டு நின்னு பாத்தேன். யாருமே இல்ல. ஆனாலும் வரல. அவ நெனப்பு வர்றதுக்கு முன்னாடி, அழுதா என் மூஞ்சி எப்படித் தெரியும்னு நெனப்பு வந்துடுது. கண்ணு வீங்கும், அது போட்டோல இப்படி இருக்கும்னு தெரியுது. அப்புறம் அவ எங்கயோ போயிடுறா. கூப்பிட்டாலும் வர மாட்டேங்குறா."

ஜெஸிந்தா க்ரீமைக் குச்சியில் தொட்டு எடுத்தாள்.  

"அந்த க்ரீம மூடி வை," என்றாள் வளர்மதி. "இனிமே எடுக்க வேணாம். உதிர்ந்த எடத்துல மட்டும் நிரப்பி விடு, போதும்."

"ஒரு நாள் மட்டும் சும்மா விட்டுப் பாப்பமே வளரு. ஒரே ஒரு நாள்."

"எதுக்கு?"

ஜெஸிந்தா டப்பாவை மூடினாள். அவளுக்குக் கண் மறைத்தது. தோளில் துடைத்துக்கொண்டு, மறுபடி மறைக்க மறுபடி துடைத்துக்கொண்டு, உதிர்ந்த இடங்களை மட்டும் ஒவ்வொன்றாக நிரப்பினாள். வளர்மதி அசையாமல் படுத்திருந்தாள். எல்லா வாடிக்கையாளர்களையும்போல அவளும் நடுவில் தூங்கிவிட்டாள்.